நாற்பத்தொரு நொடி

ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தச் சொல்லை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று அம்மா நம்மைப் பழக்கியிருக்கிறாள். எழுதிவிட்டேன். அம்மாவும் நலம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சமையலறைக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகுகிறது.

கையால் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். திரையில் தட்டினாலோ அடுத்த சொல்லை அதுவே நீட்டுகிறது. 'மாணவர்கள்' என்று தொடங்கினால் 'ஆர்வமுடன் பங்கேற்றனர்' என்று கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த வாக்கியத்தை எத்தனையோ முறை எழுதியாயிற்று.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்னை அனுப்பிய பள்ளியில் இது பதினோராவது வாரம். நான்காம் வகுப்பு, முப்பத்தாறு பிள்ளைகள். வகுப்பாசிரியை என்னைத் 'தற்காலிகம்' என்றுதான் கூப்பிடுகிறார். "தற்காலிகம், அந்த நோட்டையெல்லாம் திருத்தி வச்சிடும்மா." கோபமில்லை. வருடத்துக்கு நான்கு பேர் என்னைப் போல வந்து போகிறார்கள். பெயரை எங்கே நினைவில் வைப்பார்?

ஒவ்வொரு வெள்ளியும் மாலை ஐந்து மணிக்குள், அன்று எடுத்த பாடத்தைப் பற்றிச் சுயமதிப்பீட்டுக் குறிப்பு ஒன்றைக் கல்லூரித் தளத்தில் ஏற்ற வேண்டும். ஐந்து கட்டங்கள். என்ன செய்தாய், பிள்ளைகள் என்ன செய்தார்கள், எந்தத் தொழில்நுட்பம், என்ன கற்றாய், அடுத்து எதை மாற்றுவாய். ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது சொல். ஒரு சொல் குறைந்தாலும் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். என் வகுப்போ வெள்ளி கடைசி மணி, முடிவது நாலு ஐம்பதுக்கு. பத்து நிமிடத்தில் எழுநூற்றைம்பது சொல்லுக்கு யாராலும் தன்னை மதிப்பிட்டுக்கொள்ள முடியாது. அதனால் எல்லாரும் காலையிலேயே எழுதி ஏற்றிவிடுவோம். பாடம் பிறகு நடக்கும். அநேகமாக எழுதியபடியே நடக்கும்.

வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். ஒரு வருடமாகப் பள்ளியில் ஒரு சொல் பேசியதில்லை. மழை விடுமுறையில் ஆன்லைன் வகுப்பு நடந்தபோது அவள் மட்டும் மைக்கைத் திறக்கவே இல்லையாம். பிள்ளைகள் 'மியூட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்படிக் கூப்பிடக்கூடாது என்று நான் அதட்டுவேன். மனசுக்குள் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

இரண்டு வாரம் முன்பு ஒரு திட்டம் போட்டேன். ஒவ்வொருவராக டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய், நான்கு வரி வாசித்துப் பதிவு செய்துகொண்டு வர வேண்டும். முகத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. பிறகு வகுப்பில் போட்டுக் கேட்போம். நல்ல திட்டம், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அன்று காலை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினேன்: 'இதுவரை பேசாத மாணவி நான்கு வரிகளைத் தெளிவாக வாசித்தாள். வகுப்பே கைதட்டியது.' கீழே அவள் வரிசை எண்ணுக்கு நேரே 'இலக்கு எட்டப்பட்டது' என்ற இடத்தில் ஒரு டிக். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது, அக்கா. இன்னும் நடக்காத ஒன்றுக்கு.

மாலையில் அவள் டேப்லெட்டோடு வெளியே போனாள். திரும்பி வந்து என் கையில் கொடுத்தாள். போட்டேன். நாற்பத்தொரு நொடி. தூரத்தில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். ஒரு தாள் புரள்கிறது. மூச்சு. அவ்வளவுதான். பின்வரிசையில் ஒருவன், "டீச்சர், நெட்டு போச்சு" என்றான். வகுப்பு சிரித்தது.

நானும் சிரித்தேன்.

பெரிதாக இல்லை. உதட்டோரம் ஒரு கணம். அதை அவள் பார்த்துவிட்டாள்.

அந்தக் குறிப்பைத்தான் இந்த ஆண்டின் மாதிரிக் குறிப்பாகக் கல்லூரியில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எங்கள் பேராசிரியை அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அம்மா எதிர்வீடு வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள்.

நான் என்ன செய்யட்டும் என்று எழுது.

உன் தங்கை.

சனி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் கிடைத்தது. அத்தானின் இருமல் நின்றதில் சந்தோஷம்.

எல்லாரும் செய்வதுதான், விட்டுவிடு, சான்றிதழ் கைக்கு வரட்டும், பிறகு நல்ல ஆசிரியையாக இருந்து ஈடுகட்டிக்கொள் என்று எழுதியிருக்கிறாய். அதை நான்கு முறை வாசித்தேன். விட்டுவிடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நீ ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். ரத்தம் எடுக்கும் முன்பே முடிவை எழுதி ஒப்பமிடுவாயா? குத்திக்காட்டவில்லை. கேட்க வேறு ஆள் இல்லை.

இந்தப் புதன்கிழமை நடந்தது இது. பேச்சுப் பயிற்சியாளர் புதன்தோறும் பள்ளிக்கு வருவார். நூலகத்தின் மூலையில் அந்தச் சிறுமியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பேச வைக்கமாட்டார். இருவரும் பலூன் ஊதுவார்கள், சோப்புக் குமிழி விடுவார்கள். இந்தப் புதனும் மணி அடித்ததும் அவள் எழுந்து கதவருகே போய் நின்றாள். பயிற்சியாளர் வேறொரு வகுப்புப் பையனைக் கூட்டிக்கொண்டு கடந்து போனார். அவள் பாடவேளை முழுக்க அங்கேயே நின்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

வகுப்பாசிரியையிடம் கேட்டேன். அவர் பட்டியலைத் திறந்து பார்த்தார். கல்லூரித் தளமும் பள்ளியின் முன்னேற்றப் பட்டியலும் ஒன்றோடொன்று இணைந்தவையாம். மாதம் ஒருமுறை புதுப்பிப்பார்களாம்; இந்த வாரம் என் டிக் அங்கே போய் விழுந்திருக்கிறது. 'பயிற்சி தேவையில்லை' என்று பேச்சுப் பயிற்சியிலிருந்து அவள் பெயர் தானாகவே கழன்றுவிட்டது. யாரும் அதைப் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. "நல்ல விஷயம்தானே, தற்காலிகம்? நீயே பேச வச்சிட்டியே" என்றார். நான் தலையாட்டினேன். அக்கா, தலையாட்டினேன்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இரண்டு நடைக்கு நடுவே, சீருடையோடு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். பட்டியலிலிருந்து பெயர் நீங்கியதாக வீட்டுக்குச் செய்தி போயிருக்கிறது, அவள் வாசித்துப் பதிவு செய்ததாகவும் அதில் இருந்ததாம். நன்றி சொல்லத்தான் வந்தார். வீட்டிலும் அவள் அம்மாவின் காதோடு மட்டும்தான் பேசுகிறாளாம்.

"என் காதுல அவ குரல் விழுந்து ஒரு வருசம் ஆச்சு, டீச்சர். அத ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கீங்களாமே. ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன்."

டேப்லெட் அலுவலக அறையில் பூட்டியிருக்கிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்போது டேப்லெட் என் பைக்குள் இருந்தது. பையைப் பின்னால் தள்ளிக்கொண்டுதான் சொன்னேன்.

நேற்று வெள்ளி. என் குறிப்பு ஏறவில்லை. முதல் கட்டத்தில் 'நான்' என்று தட்டினேன். 'கற்றுக்கொண்டேன்' என்று திரை நீட்டியது. அழித்தேன். மறுபடி நீட்டியது. ஐந்து மணிக்குத் தளம் மூடிவிட்டது.

இது உன் கைக்கு வருவதற்குள் திங்கள் கடந்திருக்கும். அதனால் எதுவும் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்லிவைக்க வேண்டும் போலிருந்தது.

தங்கை.

திங்கள், மாலை

அக்கா,

வந்தார். பதினொன்றே காலுக்கு. நூலகத்தின் அந்த மூலையில்தான் உட்கார்ந்தோம். குழந்தைகளுக்கான நாற்காலி, அவர் முழங்கால் நெஞ்சு வரை வந்தது.

முதலில் சொல்லிவிட வேண்டும் என்று இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வாய் வரவில்லை. அவர் குனிந்து காதை டேப்லெட்டின் மேல் வைத்துவிட்டார். போட்டுவிட்டேன்.

நாற்பத்தொரு நொடியும் கேட்டார். முடிந்ததும் நிமிரவில்லை. "சத்தம் கம்மியா இருக்கா?" என்றார். இல்லை என்றேன். அவள் பேசவில்லை என்றேன். நான்தான் காலையிலேயே எழுதிவிட்டேன் என்றேன். எல்லாரும் சிரித்ததையும் நான் சிரித்ததையும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். முப்பதாவது நொடியைத் தாண்டியதும் விரலைத் தூக்கினார். "இங்க பாருங்க. மூச்ச இழுக்கிறா. பேசத்தான் இழுக்கிறா. சின்ன வயசுல பாட்டுச் சொல்றதுக்கு முன்னாடி இப்படித்தான் இழுப்பா."

பதினேழு முறை அதைக் கேட்டவள் நான். எனக்கு அது சும்மா மூச்சாகத்தான் இருந்தது.

பிறகு, "அப்ப புதன்கிழமை கிளாஸ நிப்பாட்டினது யாரு?" என்று கேட்டார். நான் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வண்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுத்தான் போனார்.

மதியம் கல்லூரிக்குப் போய்ப் பேராசிரியையிடம் எழுதிக் கொடுத்தேன். நீண்ட நேரம் வாசித்தார். "உண்மைய சொன்னது சரிம்மா. ஆனா சப்மிட் ஆனதத் திருத்த தளத்துல வழியே இல்லையே" என்றார். விசாரணை முடியும்வரை என் பயிற்சி நிறுத்தம். சான்றிதழ் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாதாம். இனி எல்லாருடைய பழைய குறிப்புகளையும் சோதிக்கப் போகிறார்கள். கூடப் படிக்கிறவர்கள் அதற்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் செய்தி அனுப்பினாள். 'நீ நல்லவளாகணும்னு எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டியே.' அவள் சொன்னதில் பாதி நியாயம்.

பள்ளிக்குத் திரும்பி வகுப்பாசிரியையிடம் கெஞ்சினேன். அந்த மணி நேரம் இப்போது வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. இந்த ஆண்டுப் பட்டியல் மூடியாயிற்று. அடுத்த கல்வியாண்டில் விண்ணப்பிக்கலாமாம். அடுத்த ஆண்டு அவள் ஐந்தாம் வகுப்பு, வேறு மாடி, வேறு ஆசிரியை. நான் யாராகவும் இருக்கமாட்டேன்.

என் பையை எடுக்க வகுப்புக்குள் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் மண்டியிட்டு, மன்னிச்சுக்கோ என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். இந்த முறை எனக்குக் கேட்டது. காத்திருந்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது, மற்ற முப்பத்தைந்து பிள்ளைகளும் எழுந்தார்கள்.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. எதிர்வீட்டு மாமி வந்து, "டீச்சரம்மா எங்க?" என்று கேட்டாள். நான் குழாயை மூடுவது போல உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வாய். அம்மா பேசி முடித்து என்னிடம் தருவாள். நான் உடனே எதுவும் சொல்லாமல் இருக்கலாம். சிக்னல் இல்லை என்று நினைத்து வைத்துவிடாதே, அக்கா. ஹலோ ஹலோ என்றும் கேட்காதே. நாற்பத்தொரு நொடியாவது அப்படியே இரு.

தங்கை.