சத்தத்துக்குப் பிந்தி வரும் சன்னம்

மச்சான்,

உன் நாற்பத்தைந்து கலிபர்த் துவக்கை இன்று காலை பொலிஸ் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. கைத்துவக்கை இப்போது இந்த நாட்டில், சொந்தக்காரர் செத்துப்போனாலும், ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்ற விடமாட்டார்களாம். உன் மகள் துளசி, "அங்கிள், நீங்களும் ஒருக்கா பக்கத்தில நில்லுங்கோ" என்று கேட்டபடியால் வந்து நின்றேன். அவர்கள் போனபின் வெறும் பெட்டியைத் திறந்தேன். துவக்குத் துடைக்கிற எண்ணெய் மணம் எழும்பி வந்தது. உன் பழைய சாரத்தைக் கிழித்து நீ வைத்திருந்த துண்டுகள் மடித்தபடி கிடந்தன. ஸ்காபரோவின் மாபெரும் வீரன், நாலு மாகாணத்துக்கும் சிங்கம் என்று இத்தனை காலம் என்னைப் பற்றிப் பறைசாற்றிய நான், உன் பேஸ்மென்ற் படியில் குந்தியிருந்து மூக்கைச் சிந்தினேன்.

ஒஷாவாவுக்கு வடக்கே அந்தச் சுடுகளத்துக்கு நாங்கள் போன முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் தன் குறி அட்டையைப் பார்த்து ஒரு வெடி வைத்தார். அடுத்த கணம் நீயும் நானும் சீமெந்து நிலத்தில் குப்புறக் கிடந்தோம். யாரும் சொல்லித் தரவில்லை. ஊரில் பழகின உடம்பு தானாகவே விழுந்தது. களத்துப் பொறுப்பாளர் ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். நீ படுத்தபடியே, "ஒண்டுமில்லை, இது எங்கட ஊர் வணக்கம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அந்த மனிதர் அதை நம்பி எங்களுக்குத் தலை குனிந்தார்.

பிறகு தொடங்கியது நம் மகாயுத்தம். என் ஒன்பது மில்லிமீற்றர்த் துவக்கின் சன்னம் செக்கனுக்கு ஆயிரத்து நூற்றைம்பது அடி பாயும். உன் நாற்பத்தைந்து எண்ணூற்றைம்பதைத் தாண்டாது.

"உன்ர சன்னம் ஸ்ரீற்கார் மாதிரி மச்சான். எல்லாத் தரிப்பிலையும் நிண்டு ஆள் ஏத்திக்கொண்டு வரும். அதுக்குள்ள என்ரது கிங்ஸ்ரனுக்குப் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி வந்திடும்."

"உன்ரது நுளம்புக் கடியடா. என்ரதின்ர பாரம் அதைப்போல ரெண்டு மடங்கு."

"கடதாசி அட்டைக்கு ஏன் பாரம்? ஓட்டை கொஞ்சம் பெரிசா விழும், அவ்வளவுதான். துவக்கு உதைச்சு உனக்குக் கையெல்லோ உதறுது. ரெண்டாவது வெடிக்கு நீ குறியைத் தேடிப் பிடிக்க முந்தி நான் அஞ்சு வைச்சிடுவன்."

நடைமுறைக்கு என்று பார்த்தால் நான் சொன்னதுதான் சரி. உதறல் குறைவு, ரவை மலிவு, குறியும் கலையாது. நீ அதை மறுக்கவேயில்லை. ஆனாலும் அந்தப் பாரமான, ஆறுதலான சன்னத்தை நீ விடவில்லை.

ஒருநாள் திரும்பி வரும்போது, காரில் நான் கேட்காமலே காரணம் சொன்னாய். "உன்ரது சத்தத்தை முந்திப் போகுது. என்ரதுக்குச் சத்தம்தான் முதல் போகும்."

"இருபத்தைஞ்சு யார் தூரத்தில அந்த இடைவெளி கண்வெட்டவும் காணாது."

"காணாதுதான். எண்டாலும் சத்தம் முதல் வரோணும் மச்சான்."

அப்போதுதான் எனக்கு உன் தம்பி ஞாபகம் வந்தான். ஊரில், சண்டைக் காலத்தில், பேக்கரிக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போன வழியில் சூடுபட்டுச் செத்தவன். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நீ அப்போதே இங்கே வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடியில் இருந்தாய். உனக்குத் தொலைபேசியில்தான் செய்தி வந்தது. நான் ஊரில், அடுத்த ஒழுங்கையில் நின்றேன். அந்தப் பயணத்தின் மீதியில் நான் ஒரு பகிடியும் விடவில்லை. அது என் சரித்திரத்தில் நடவாத காரியம்.

வயிற்றில் வந்த வருத்தம் உன்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பிடியாக்கிய பிறகு, ஒரு மத்தியானம் உன் மனைவியைக் கீழே கோப்பி வாங்க அனுப்பிவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டாய்.

"தம்பி விழுந்த அண்டைக்கு நீ அங்கை நிண்டனி. எத்தினை வெடி கேட்டது?"

நான் வாயைத் திறக்க முதலே, "பொறு" என்றாய். "நீ சொல்லுறதை நான் எப்பவும் பத்தால பிரிச்சுத்தான் எடுக்கிறனான். இண்டைக்குப் பிரிக்க வைக்காதை."

"ஒண்டு."

"வடிவாத் தெரியுமோ?"

"ஒண்டுதான். றைபிள் சன்னம் மச்சான். சத்தத்தைப்போல ரெண்டு மடங்குக்கு மேல வேகம். அவனுக்குக் கேட்டிராது. பயப்பிடவும் நேரம் இருந்திராது."

சன்னத்துக்கு முதல் சத்தம் வராமல் போனது தம்பிக்குச் செய்த அநியாயம் என்று நீ அவ்வளவு காலம் நினைத்திருந்தாய். "அப்ப அவன் பாணை நினைச்சுக்கொண்டுதான் போயிருக்கிறான்" என்றாய். கண்ணால் வழிந்ததை நான் துடைத்தேன். உன் மனைவி வந்து கேட்டபோது, இவன் தோற்றுப்போய் அழுகிறான், ஒன்பதுதான் திறம் என்று ஒத்துக்கொண்டுவிட்டான் என்று சொன்னேன். நீ சிரித்தாய். அதற்குப் பிறகு நீ பெரிதாகக் கதைக்கவில்லை.

நான் உனக்குச் சொன்னது அத்தனையும் உண்மை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நீ கேட்காததால் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். அவனுக்குக் கேட்காத அந்த வெடி வேலிக்கு மேலால் வந்து எனக்குக் கேட்டது. யாரோ பட்டாசு கொளுத்துகிறார்கள் என்று நினைத்து, தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்து முடித்தேன்.