போடாத ஊசி

13 தை 1998, செவ்வாய்

முதியோர் இல்லத்தில நான் கரண்டியால சாப்பாடு தீத்துற மாகிரட் அம்மாவுக்கு இண்டைக்குக் கடும் காய்ச்சல். மூச்சு விடவே கஷ்டப்பட்டா. எனக்கு மூண்டு நாளாய் இருமல். வேலைக்குப் போகாமல் நிண்டால் வேலை போயிடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் போனன்.

கார்த்திகையில வேலையாக்களுக்குக் காசில்லாமல் ஃப்ளூ ஊசி போட்டவை. நர்ஸ் ஹெல்த் கார்ட் கேட்டா. இந்த நாட்டில வேலை செய்ய எனக்கு வேர்க் பெர்மிட் இல்லை. மச்சாள் வசந்தியின்ர பேரிலதான் வேலை செய்யிறன். கார்ட்டில அவளின்ர படம். "ஊசி எண்டால் எனக்குப் பயம்" எண்டு தப்பினன்.

இண்டைக்கு அதே நர்ஸ், "வசந்தி, உமக்கும் சுகமில்லையோ?" எண்டு கேட்டா.

"இல்லை," எண்டன். இருமலை அடக்கினதில கண்ணால தண்ணி வந்தது.

வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்க வாசலில அம்புலன்ஸ் நிண்டது. ஆருக்கு எண்டு கேக்காமல் பஸ்ஸுக்கு ஓடிட்டன். நாளைக்கு அவவின்ர கட்டில் வெறுமையாய் இருந்தால், நான்தான் அவவுக்குக் காய்ச்சலைக் குடுத்தனான்.