தானாக ஓடிய படகு

எதிர்வீட்டில் புதுத் தொலைக்காட்சி வந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோலும் புதுப் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை, திருநின்றவூரின் இந்த அடுக்ககத்து நடைவழி முழுக்கப் பரவியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அது கும்மிடிப்பூண்டியில் இருந்த உன் பட்டறை. இறந்துபோனவளுக்குக் கடிதம் எழுதுவது பயனற்ற வேலை என்பதை அறிவேன். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியைக்குப் பயனுள்ள வேலைகள் அதிகம் இல்லை.

கல்லூரி விடுதியில் இருவரும் ஒரே அறை. பின்னர் நான் பாடம் நடத்தப் போனேன். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த நீ, காசு போட்டு ஆடும் வீடியோ கேம் இயந்திரங்களைச் செய்யப் போனாய்.

கைப்பேசியில் கேமரா இருப்பதே அதிசயமாக இருந்த ஆண்டுகளில் உன் முதல் சொந்த ஆட்டம் உருவானது. ஏரியில், மணல்திட்டுகளுக்கு இடையே படகு ஓட்ட வேண்டும். சென்னை வணிகக் கண்காட்சியில் அதை யாராவது வாங்கினால் பட்டறை நிற்கும். இல்லையேல் அங்கே வேலை செய்த எட்டுப் பெண்களையும் அந்த மாதத்தோடு வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். ஆனால் முடிந்திருந்தது ஒரே ஒரு கட்டம். அதுவும் அவ்வப்போது உறைந்து நின்றது.

"எல்லா கம்பெனிக்காரனும் இப்பிடித்தாண்டி காட்டறான்" என்றாய். யாரோ நன்றாக ஆடியதை முன்பே பதிவு செய்து திரையில் ஓடவிடுவார்கள். ஒருவர் எதிரே உட்கார்ந்து, தாமே ஆடுவதுபோல் கையை அசைப்பார். அந்த ஒருவராக என்னைத் தேர்ந்தெடுத்தாய். "நரைச்ச தலை ஸ்டீயரிங் புடிச்சா கூட்டம் சேரும். நீ சும்மா திருப்பிக்கினே இரு."

சேர்ந்தது. பக்கத்து அரங்குகளில் புகை, ஒலிபெருக்கி, மினுங்கும் உடையில் பெண்கள். நம் அரங்கில் பருத்திப் புடவையில் நான். வெட்கமின்றிச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை ஆண்டு வகுப்பெடுத்தும் அப்படியொரு கூட்டம் என்னை வாய்பிளந்து பார்த்ததில்லை. ஊத்துக்கோட்டைக்கு அப்பால் கேளிக்கைப் பூங்கா நடத்தும் பெரியவர் முன்வரிசையில் நின்றார். நீ காத்திருந்த ஆள்.

அப்போது யாரோ, "படகு திரும்பறப்ப ஏன் சாயுது?" என்று கேட்டுத் தொலைத்தார். இயற்பியல் கேள்வி! நான் கூட்டத்தின் பக்கம் முழுவதும் திரும்பி, இரு கைகளாலும் விசைகளைக் காற்றில் வரைந்து விளக்கத் தொடங்கிவிட்டேன்.

"ஆயா! நீ கைய உட்டுட்ட, படகு அதும்பாட்டுக்குப் போயிக்கினு கீது!" என்று கூட்டத்திலிருந்து ஒரு சிறுவன் கத்தினான்.

திரும்பிப் பார்த்தேன். என் உதவி ஏதுமின்றிப் படகு மூன்றாவது திட்டை நேர்த்தியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை.

"வீடியோ பாக்கவாம்மா இம்மாந்தூரம் வந்தேன்? டப்பு குடுக்கறவன இன்னான்னு நெனச்சீங்க?" என்று நகர்ந்தார்.

நீ என்னைத் திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். "எழுந்திருடி" என்று மட்டும் சொல்லி, இயந்திரத்தின் பின்னால் புகுந்து வீடியோவின் கம்பியைப் பிடுங்கினாய். நிஜ ஆட்டத்தை இணைத்தாய்.

"நைனா, நில்லுங்க. ஒரு ஏரிதான் முடிஞ்சிருக்கு. அப்பால ஒண்ணுமே இல்ல. நடுவுல நின்னாலும் நின்னுரும். ஒக்காந்து ஓட்டிப் பாருங்க."

முதல் திட்டிலேயே கவிழ்ந்தார். இரண்டாம் முறையும். மூன்றாம் முறை திரை உறைந்தது, உன் முகமும். நீ அணைத்து மீண்டும் போடும்வரை அவர் இருக்கையை விட்டு அசையவில்லை. "இந்தத் திட்ட தாண்டாம எழுந்திருக்க மாட்டேன்!" கூட்டம் வழி சொன்னது: "லெப்டுல ஒடி, லெப்டுல!" அதில் உரக்கக் கத்தியது நான்தான். அவர் அக்கரையைத் தொட்டார். திரை வெறும் நீலமானது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான், நைனா."

"மிச்சத்த சீக்கிரம் முடிம்மா. ஆறு மிஷின் எனக்கு வேணும்." பிறகு என்னைக் காட்டினார். "இந்தம்மாவ மட்டும் கிட்ட உடாத."

எட்டுப் பெண்களும் மறுமாதம் வேலைக்கு வந்தார்கள். வேனில் திரும்புகையில், "மன்னிப்பு கேக்க மாட்டியாடி?" என்றாய். "எதுக்கு? ஆர்டர் வாங்கிக் குடுத்ததுக்கா?" என்றேன்.

இப்போது பெரிய நிறுவனங்கள் புது ஆட்டங்களை அறிமுகம் செய்வதைக் கணினியில் தவறாமல் பார்க்கிறேன். திரை எவ்வளவு மின்னினாலும் என் கண் ஆடுபவரின் கட்டைவிரலில்தான். பெரும்பாலும் அது சும்மா இருக்கிறது. போன மாதம் ஒரு பெண் மேடையிலேயே தோற்றாள், ஆட்டமும் உறைந்தது. அவள் அசடு வழியச் சிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று தனியாகக் கைதட்டினேன். முட்டிவலி நினைவுக்கு வரச் சற்று நேரமாயிற்று.