பாலத்துக்கு ஒரு பச்சைக் கோடு

மார்ச் 3, செவ்வாய்

வேகம், தூரம், நேரம் நடத்திக்கொண்டிருந்தேன். "ஒருவர் காலை ஏழு மணிக்கு சைக்கிளில் கிளம்புகிறார். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம். ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு எப்போது போய்ச் சேருவார்?" ஏழரை என்று வகுப்பே கத்தியது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள். "வழியில லாரி வந்தா, டீச்சர்?"

"கணக்குல லாரி கிடையாதும்மா. உக்காரு."

இது நடந்து இருபது வருடம் இருக்கும். இன்று பல் விளக்கும்போது முழங்கைப் புண்ணின் பக்கு உதிர்ந்தது, கூடவே அந்தக் கேள்வியும் வந்து நின்றது. எனக்கு வந்தது லாரி இல்லை, பஸ். மூன்று வாரம் முன்பு, பாலத்தின் நடுவில். என்னைத் தாண்டும்போது அதன் பக்கவாட்டுத் தகடு என் ஹேண்டில்பாரைத் தொட்டது. தொட்டது என்றுதான் சொல்ல வேண்டும், இடித்தது என்றால் பெரிய வார்த்தை. நான் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். கூடையிலிருந்த பன்னிரண்டு தக்காளியில் ஒன்பது தப்பித்தன.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் புண்ணுக்கு மருந்து மட்டும் போட்டார். மூன்றாம் நாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "சைக்கிளுக்குன்னு தனியா கோடு போடற வரைக்கும் பாலத்துல நீ ஓட்டக் கூடாது. சரின்னு சொல்லு."

சரி என்றேன். முப்பத்தொரு வருடம் அதே பாலத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவரிடம் பாலத்தைப் பற்றி நான் என்ன வாதாடுவது?

மார்ச் 7, சனி

தங்கை வீட்டுக்கு பஸ்ஸில் போனேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், ஆறே கிலோமீட்டர். சனிக்கிழமை சீட்டு விளையாடுவது எங்கள் வழக்கம். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னக்கா, ராணி மாதிரி பஸ்ல வந்து இறங்கறே? சைக்கிள் வீராங்கனைன்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே, என் மானம் என்ன ஆறது?"

சீட்டில் நாலு ஆட்டமும் தோற்றேன். அவள் ஏமாற்றினாள். நான் கவனிக்கும் மனநிலையில் இல்லை.

ஓய்வு பெற்ற மறுமாதம், ஐம்பத்தொன்பது வயதில், பள்ளி மைதானத்தில் பதினேழு முறை விழுந்து கற்றுக்கொண்ட சைக்கிள். மாடிப்படிக்கு அடியில் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. பார்த்தால் கோபித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

சங்கக் கூட்டம். எங்கள் சைக்கிள் சங்கத்துக்கு ஊரார் வைத்த பெயர் "ஆமைகள்". நாங்களும் அதையே பலகையில் எழுதிக்கொண்டோம். நாற்பத்தாறு பேர். கூடுவது தலைவரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில். தலைவர் பல் டாக்டர். எந்தச் செய்தியையும் "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க" என்றுதான் தொடங்குவார்.

இன்று வலிக்கவில்லை! நகராட்சிப் பொறியாளர் கடிதம் எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் பாலத்துக்குப் புதுத் தார் போடப் போகிறார்கள். வரும் புதன் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நூறு சைக்கிள் பாலத்தைக் கடந்தால், இரண்டு பக்கமும் சைக்கிளுக்குப் பச்சைக் கோடு போட நகராட்சியின் சாலைக் குழுவுக்குப் பரிந்துரைப்பாராம். சங்கமே எண்ணிக் கொடுக்கலாம், அலுவலக ஆள் ஒருவர் உடனிருப்பார். குழு கூடுவது 26-ஆம் தேதி. இப்போது விட்டால் அடுத்த தார் போட ஐந்து வருடம்.

ஐந்து வருடம் என்றால் எனக்கு அறுபத்தெட்டு. மனக்கணக்கு தானாக ஓடியது, நான் கேட்கவே இல்லை.

"எண்ற வேலையை யார் பாத்துக்கறது?" என்றார் டாக்டர். நாற்பத்தைந்து தலைகளும் என் பக்கம் திரும்பின. கணக்கு டீச்சர் இருக்கும்போது வேறு யார்?

மார்ச் 10, செவ்வாய்

அட்டவணை முடிந்தது. இரண்டு முனை, எட்டு கால்மணி நேரப் பங்கு, ஒவ்வொரு பங்குக்கும் எண்ண ஒருவர், எழுத ஒருவர், சரிபார்க்க ஒருவர். எல்லோருக்கும் வேலை வேண்டுமாம், சண்டையே போட்டார்கள். ஒருவரையும் விடவில்லை. கோடு போட்டு, கட்டம் கட்டி, மூன்று வண்ணத்தில். என்ன அழகு!

மார்ச் 11, புதன்

அட மக்கு டீச்சரே.

ஆறேகாலுக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். நாற்பத்தாறு பேரும். கழுத்தில் விசில், கையில் நோட்டு, ஃபிளாஸ்க் நிறைய தேநீர். சைக்கிள்களைக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சாய்த்துவிட்டு எண்ண ஆரம்பித்தோம். பால் வண்டிக்காரர் சைக்கிளில் போனார், கைதட்டினோம். செவிலியர் சீருடையில் ஒரு பெண் போனாள், பயந்தே போனாள் பாவம். ஏழரை ஆனது. முப்பத்தொன்று. தினம் இந்த நேரத்துக்குப் பாலம் சைக்கிளால் நிரம்பி வழியுமே, இன்றைக்கு எல்லோரும் எங்கே தொலைந்தார்கள்?

சைக்கிள் கடை நடத்தும் பம்பு அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். அவளைவிட மூத்தவர்களும் அவளுக்கு அக்கா என்றுதான் சொல்வார்கள். தேநீர் டம்ளரைப் பாதி வழியில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"டீச்சர்... தினம் போறது நாமதானே? நாம எல்லாரும் இங்கே நின்னுட்டிருக்கோம்."

நாற்பத்தாறு பேரும் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிள்களைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு ஆளாளுக்கு சைக்கிளை எடுக்க ஓடினார்கள். எண்ணும் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் ஓட்டினால் கணக்கில் சேராது என்று அலுவலக ஆள் கையை விரித்துத் தடுத்துவிட்டார். விதி கடிதத்திலேயே இருக்கிறது. படித்துக் காட்டியதும் நான்தான்.

எட்டரை மணிக்கு மொத்தம் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டும் நாற்பத்தாறும் நூற்று நாலு. பாலத்தில் ஓட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த என்னைக் கழித்தாலும் நூற்று மூன்று. ஒருவரையும் விடாமல் நிறுத்திவைத்தது யார்? மூன்று வண்ணத்தில் கட்டம் கட்டியது யார்?

"கொஞ்சம் வலிக்கும்" என்றார் டாக்டர். அவர் முகம்தான் அதிகம் வலித்தது.

மார்ச் 12, வியாழன்

டாக்டரும் நானும் பொறியாளரைப் பார்க்கப் போனோம். நாற்பது வயது இருக்கும், மேசையில் மஞ்சள் ஹெல்மெட். நடந்ததைச் சொன்னேன். ஃபைலை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நீங்க சிரிக்கலாம்மா, பரவாயில்லை" என்றேன்.

"மன்னிச்சுக்குங்க மேடம். ஆனா நிறுத்தி வெச்ச சைக்கிளை நான் கணக்குல சேக்க முடியாது. திரும்ப எண்ணவும் விதி இல்லை. அதுவுமில்லாம குழுத் தலைவர் ஒத்துக்கவே மாட்டார். சைக்கிள்காரங்க பாத்துப் போனா போதும், கோடு எதுக்குன்னு கேக்கறவர்."

கிளம்பும்போது, என் பழைய மாணவியாக இருப்பாரோ என்று எந்தப் பள்ளி என்று விசாரித்தேன்.

"நான் வேற ஸ்கூல் மேடம். தப்பிச்சேன்."

மார்ச் 13, வெள்ளி

தங்கை போன் செய்தாள். பத்து நிமிடம். சிரிப்பைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

மார்ச் 14, சனி

இன்று சீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸில் ஏறப் பிடிக்கவில்லை. காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் வந்து எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் கிள்ள ஆரம்பித்தார். எண்ணிக்கைக் கதையை மூன்றாவது முறையாகக் கேட்டு, மூன்றாவது முறையாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"பாத்துப் போனா போதும்னு சொன்னாரா அந்த ஆள்?"

"ஆமா."

"முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன். ஒருத்தர் மேலயும் இடிக்கலைன்னு மெடல் குடுத்தாங்க. ஞாபகம் இருக்கா?"

"அலமாரியில இருக்கு."

"அது என் மெடல் இல்லை. என் சீட்லேர்ந்து பாத்தா பாதி சைக்கிள் தெரியவே தெரியாது. அவங்க என்னைப் பாத்து ஒதுங்கினாங்க, அதனால நான் இடிக்கலை. நீ விழுந்தியே, அந்த டிரைவர்கிட்ட போய் கேட்டுப் பாரு. அப்படி ஒரு அம்மா பாலத்துல இருந்தான்னே அவனுக்குத் தெரியாது."

நாற்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதைச் சொன்னதே இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அந்த இஸ்திரிப் பெட்டி நாள் இப்போதுதான் புரிந்தது.

"அந்தக் குழுத் தலைவரை உங்க சீட்ல ஒரு தடவை உக்கார வெச்சா?" என்றேன்.

கிள்ளிய பீன்ஸைக் குப்பையிலும் காம்பைப் பாத்திரத்திலும் போட்டார். யோசிக்கிறார் என்று அர்த்தம்.

மார்ச் 17, செவ்வாய்

டிப்போ மேலாளர் என் வீட்டுக்காரரிடம் தொழில் பழகியவராம். ஞாயிறு காலை ஒரு மணி நேரம், ஓடாமல் நிற்கும் பஸ் ஒன்றைத் தருகிறார். பொறியாளர் வருகிறார். குழுத் தலைவரையும் அழைத்து வருகிறாராம். என்ன சொல்லி என்று கேட்டேன். "பஸ் ஓட்டற சீட்ல உக்காரலாம்னு சொன்னேன் மேடம். உடனே சரின்னுட்டார்."

இந்த முறை அட்டவணை கிடையாது. பதினாலு பேர், பதினாலு சைக்கிள். அவ்வளவுதான்.

மார்ச் 22, ஞாயிறு

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

குழுத் தலைவர் பெரிய உருவம். டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்ததும் எட்டு வயதுப் பையன் முகம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கண்ணாடிகளை அவர் உயரத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். நான் படிக்கட்டுப் பக்கம் நின்றேன்.

"சார், வெளியில சைக்கிள்ல ஆளுங்க நிக்கறாங்க. முன்னாடி, பக்கத்துல, கண்ணாடியில, எங்கே வேணாலும் பாத்துக்குங்க. எத்தனை பேர்?" என்று இவர் கேட்டார்.

நிதானமாகப் பார்த்தார். எண்ணினார். "அஞ்சு."

"நல்லாப் பாருங்க சார்."

"அஞ்சுதான்யா. எனக்கு எண்ணத் தெரியாதா?"

இறக்கிக் காட்டினோம். படிக்கட்டை ஒட்டி மூன்று பேர். முன் கண்ணாடிக்குக் கீழே, பஸ்ஸின் மூக்கிலேயே, பம்பு அக்கா வாழைப்பழம் தின்றுகொண்டு. பின்சக்கரத்தருகே டாக்டர், பஸ்ஸின் முதுகை ஒட்டி நாலு பேர். மொத்தம் பதினாலு.

அவர் முகம் சிவந்தது. "நான் இறங்கறப்போ ஓடி வந்து நின்னுட்டீங்க! நிறுத்தி வெச்சு எண்ணின ஆளுங்கதானே நீங்க? உங்க கணக்கு எனக்குத் தெரியாதா?"

நியாயமான சந்தேகம். நான் மறுக்கவில்லை. மாணவன் நம்பவில்லை என்றால் வேறு உதாரணம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே? "திரும்ப ஏறுங்க சார். இந்தத் தடவை பெல் அடிக்கச் சொல்றேன்."

ஏறினார். நான் கையை அசைத்தேன். பதினாலு பெல்லும் ஒன்றாக அடித்தன. டாக்டரோடு வந்த ஆறு வயதுப் பேத்தியின் கிளிங் கிளிங், எங்களோடு சேர்ந்துகொண்ட பால் வண்டிக்காரரின் பித்தளை பெல், பம்பு அக்காவின் ஹாரன். டிப்போவே அதிர்ந்தது. குழுத் தலைவர் இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், எக்கிப் பார்க்கிறார். கண்ணில் படுவது அதே ஐந்து பேர். மற்ற பெல்லெல்லாம் வெறும் காற்றிலிருந்து வருகின்றன.

"எங்கேய்யா இருக்கீங்க எல்லாரும்?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"இங்கேதான் சார், உங்க காலடியில!" என்று பம்பு அக்கா வாழைப்பழத்தோலை உயர்த்தி ஆட்டினாள். முன் கண்ணாடியின் கீழ் விளிம்பில் அந்தத் தோல் மட்டும் தெரிந்தது. பொறியாளர் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து ஹெல்மெட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

குழுத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"இப்படித்தான் தினமும் ஓட்டினீங்களா?"

"ஆமாங்க."

"என் மக சைக்கிள்ல காலேஜ் போறா" என்றார்.

மார்ச் 26, வியாழன்

குழு ஏற்றுக்கொண்டது! இரண்டு பக்கமும், ஒன்றரை மீட்டர், பஸ் போகும் சாலைக்கும் கோட்டுக்கும் நடுவில் தடுப்புக் குச்சிகளோடு. தடுப்பு நாங்கள் கேட்கவே இல்லை, குழுத் தலைவரே சேர்த்தாராம். டாக்டர் போனில் "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தார். படுபாவி மனுஷன்!

ஏப்ரல் 20, திங்கள்

தார் போடுகிறார்கள். அவர் தினமும் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறார். வேலை சரியில்லையாம். ஓட்டுநர் ஓய்வு பெற்றார், மேற்பார்வையாளர் பதவி ஏற்றார்.

மே 8, வெள்ளி

பச்சை காய்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நானே தொட்டுப் பார்த்தேன்.

மாடிப்படிக்கு அடியில் துணியை எடுக்கப் போனால், துணி இல்லை. இரண்டு டயரிலும் காற்று இருந்தது. சங்கிலிக்கு எண்ணெய் போட்டிருந்தது. ஹேண்டில்பாரில் புதிதாக ஒரு பெல். அடித்துப் பார்த்தேன். உள்ளே அறையில் செய்தித்தாள் திரும்பும் சத்தம்.

மே 9, சனி

காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். "யார் முதல்ல போறதுன்னு பாப்போம்" என்று நான்தான் சீண்டினேன்.

பாலத்தின் நடுவில் அந்தத் தக்காளி இடத்தில் நின்றேன். தடுப்புக் குச்சிக்கு அந்தப் பக்கம் பஸ் வந்தது. முன்சீட்டில் அவர். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டினார். முப்பத்தொரு வருடம் பயணிகளுக்கு "கையை உள்ளே வெச்சுக்குங்க" என்று சொன்ன மனிதர்!

தங்கை வீட்டு வாசலில் 7.42. பன்னிரண்டு நிமிடம் தாமதம். நான்தான் வழியில் நின்றேன், லாரி மேல் பழி போட முடியாது. அவர் ஐந்து நிமிடம் முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். சீட்டில் தங்கை ஏமாற்றியதை இரண்டு முறை கையும் களவுமாகப் பிடித்தேன்.

மூன்றாவது பெஞ்சுப் பெண்ணே, உன் கேள்வி சரி. கணக்கில் லாரி உண்டு. பஸ்ஸும் உண்டு. உன்னைத் தேடிப் பிடித்துச் சொல்ல முடியாது, இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன். வேறு யாராவது எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம், சின்னதுதான்:

அடுத்த முறை ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும்போது, அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகத்தைத் தேடுங்கள். தெரியவில்லையென்றால், தெரியும் இடத்துக்குப் போய் நில்லுங்கள்.