பலகையை வைத்தது யார்

வடகரைச் சதுரங்கக் கழகம்
ஜூன் 2

மதிப்பிற்குரிய தென்கரைக் கழகத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் தங்கள் கழகத்தை 'இவ்வட்டாரத்தின் ஒரே சதுரங்கக் கழகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் சரிபாதிக் கிளைகள் எழுந்து என்னுடன் வெளியே வந்தன. மிச்சம் இருப்பது பாதிக் கழகம். பாதியை முழுசு என்று எழுதுவதற்கு வடகரை தன் ஆட்சேபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.

மத்தியச் சம்மேளனத்தின் எச்சரிக்கை தங்களுக்கும் வந்திருக்கும். இந்த மாதம் முடிவதற்குள் இரு கழகங்களும் ஒன்றாகி ஒரே தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரு கரைகளிலிருந்தும் ஒரு பிள்ளையைக்கூடத் தேசியப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். பேக்கரிக்காரர் மகளுக்குப் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஆட இதுதான் கடைசி ஆண்டு. அவள் தென்கரைப் பெண் என்பதால் எனக்கு அக்கறை இல்லை என்று தாங்கள் ஒரு கூட்டத்தில் பேசியதாகக் கேள்வி. அவளுக்குக் குதிரை எப்படித் தாண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதைத் தாங்கள் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

தாங்கள் பதவியை விட்டுத்தந்தால் இணைப்பு நாளைக்கே நடக்கும்.

இப்படிக்கு,
தலைவர், வடகரைச் சதுரங்கக் கழகம்

பின்குறிப்பு: ரத்த அழுத்த மாத்திரை இந்நேரம் தீர்ந்திருக்கும். தீர்ந்த பிறகு வாங்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். என் குடை பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும், யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். நாள் முழுக்க வெயிலில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறேன், மண்டை காய்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினீர்களா?


தென்கரைச் சதுரங்கக் கழகம்
ஜூன் 6

மதிப்பிற்குரிய வடகரைத் தலைவர் அவர்களுக்கு,

பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. பொதுக்கூட்டம் கொடுத்தது. கொடுத்ததைத் தூக்கி எறிந்தால் என்னை நம்பி நிற்கிற கிளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இருபக்கமும் சமமான கிளைகள். எத்தனை தடவை வாக்கெடுத்தாலும் சமநிலைதான். இதைச் சம்மேளனப் பார்வையாளரிடம் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளாமல், "அப்ப காசு சுண்டிப் பாத்துருங்க சார்" என்கிறார். சதுரங்கக்காரர்கள் பூவா தலையா போட்டுத் தலைவரைப் பிடித்தால் ஊர் சிரிக்கும். அதனால் நான் வேறொன்று சொன்னேன், அவரும் சம்மதித்துவிட்டார். நாம் இருவரும் ஓர் ஆட்டம் ஆடலாம். ஜெயிப்பவர் தலைவர், தோற்பவர் வாயை மூடிக்கொண்டு கீழே வேலை செய்ய வேண்டும்.

இதையெல்லாம் கடிதத்தில் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? போனை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இப்படிக்கு,
தலைவர், தென்கரைச் சதுரங்கக் கழகம்

பி.கு.: தொட்டியைக் கழுவிவிட்டேன். குடையை என் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்த உங்கள் பக்கத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். உன்னை அந்தப் பக்கத்து நில அளவை அலுவலகத்துக்கு மாற்றினார்கள், சரி. ஆனால் பாலத்தின் மேல் பஸ் ஓடுகிறது. தினமும் போய்வரலாம் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், உன் அக்காவுக்கும் தெரியும்.


ஜூன் 10

தென்கரைத் தலைவருக்கு,

ஆட்டத்துக்கு வடகரை சம்மதிக்கிறது. இடம், பொதுவான நூலக அரங்கு. நாள், 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இனி என் சொந்தப் பதில்.

போன் வேண்டாம். போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். எழுதும்போதுதான் இரண்டு பேரும் கொஞ்சம் மனிதர்களாக இருக்கிறோம்.

கேட்டு வாங்கவில்லை என்கிறீர்கள். என் புகாரே அதுதானே. அரங்கு பிடித்தது யார்? ஒவ்வொரு சுற்றுக்கும் யாரோடு யார் என்று ஜோடி போட்டது யார்? தோற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் சண்டைக்கு வரும்போதெல்லாம் முன்னால் போய் நின்றது யார்? பல் டாக்டர் தலைவர் பதவியிலிருந்து விலகியதும் அடுத்தது நான்தான் என்று நம் வீட்டுக் காலண்டருக்குக்கூடத் தெரியும். உங்கள் தையல்கடை நண்பர் எழுந்து உங்கள் பெயரைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறொருவர் அப்படிச் செய்திருந்தால் நான் கோபப்பட்டு ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். நீங்கள் செய்ததால்தான் பஸ் ஓடுவது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆட்டத்தன்று தென்கரையிலிருந்து ஒருவரும் பலகையைத் தொடக் கூடாது. நீங்கள் கடைசியாக ஒரு முழு ஆட்டம் ஆடியது எப்போது? கடிகாரத்தை அழுத்த மறப்பீர்கள், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

வடகரைத் தலைவர்

பி.கு.: இங்கே அக்கா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தான் டிவியை அலறவிட்டுக்கொண்டு அதன் எதிரிலேயே தூங்குகிறார். அணைத்தால் உடனே விழித்துக்கொள்கிறார். அக்கா அதற்கும் என்னைத்தான் பார்க்கிறாள்.


ஜூன் 14

வடகரைத் தலைவருக்கு,

வடகரையிலிருந்தும் ஒருவரும் பலகையைத் தொடக் கூடாது. பலகையை நான் வைக்கிறேன், காய்களை நீ அடுக்கு. பிறகு ஒருவர் மேல் ஒருவர் பழிபோட வழியிருக்காது. நூலகத்தில் பழைய மரப்பலகை ஒன்று இருக்கிறது. ஓரத்தில் எழுத்தும் எண்ணும் போட்டதல்ல, ஆனால் நல்ல பலகை.

நீ எழுதிய மற்றதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். கடைக்கு வந்த ஒரு அம்மாள், "என்ன சார், கண்ணு கலங்கியிருக்கு, நீங்களே ஒரு டெஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். எல்லாம் தூசி என்று சொன்னேன்.

தென்கரைத் தலைவர்

பி.கு.: சகலையிடம் ரிமோட்டைப் பிடுங்கும் சாமர்த்தியம் எனக்கு மட்டும்தான் உண்டு. வேண்டுமானால் வருகிறேன்.


வடகரைச் சதுரங்கக் கழகம்
ஜூன் 22

மதிப்பிற்குரிய தென்கரைத் தலைவர் அவர்களுக்கு,

நேற்று நூலக அரங்கில் நடந்த கேவலத்துக்கு நான் ஒருத்தியே காரணம் என்று தங்கள் கரையில் பேச்சு அடிபடுவதாக அறிகிறேன். பதிவுக்காக உண்மையை எழுதிவைக்கிறேன்.

பலகையை மேசைமேல் வைத்தது தாங்கள். ஆடுகிறவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும் என்பது இரு கரைகளிலும் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். தாங்கள் வைத்த பலகையில் அந்த மூலையில் கறுப்புக் கட்டம் இருந்தது. காய்களை அடுக்கியது நான், ஒப்புக்கொள்கிறேன். ராணியை அவள் நிறத்துக் கட்டத்தில் வைக்க வேண்டும் என்ற பழக்கத்தில் கை தானாக வைத்துவிட்டது. பலகையே திரும்பியிருந்ததால் ராஜாவும் ராணியும் இடம் மாறி நின்றார்கள்.

பார்வையாளர் கையெழுத்து வாங்குவதில் மும்முரமாக இருந்தார். இரு கரைப் பயிற்சியாளர்களும் நடுவர்களும் வரிசையாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்களே தவிர, பலகையை ஒரு ஜீவனும் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடும் தாங்களும் பார்க்கவில்லை. அடுத்தவர் வயலின் எல்லையை விரற்கடை பிசகாமல் அளக்கிற நானும் பார்க்கவில்லை. நான் கோட்டை கட்டுவதற்காக ராஜாவைத் தொட்டபோதுதான் பின்வரிசையிலிருந்து பேக்கரிக்காரர் மகள், "மிஸ், ராஜா ஏன் அந்தப் பக்கம் நிக்கிறாரு?" என்று கேட்டாள்.

அதன்பிறகு கிளம்பிய சிரிப்பைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. என் கரைக்காரர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். ஒரு வருஷமாக ஒரே அறையில் உட்காராதவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டு நான் எழுந்து வந்தேன். தோற்றுப்போய் ஓடியதாக யாரும் எழுத வேண்டாம்.

தலைவர், வடகரைச் சதுரங்கக் கழகம்

பி.கு.: நான் அழவில்லை. அக்கா போன் பண்ணி வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.


ஜூன் 24

வணக்கத்துக்குரிய தலைவர் அவர்களுக்கு,

இந்த வணக்கம் கிண்டல் இல்லை. கீழே படி.

நீ போன பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. பார்வையாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, தொடக்கத்திலேயே காய்கள் தவறாக நின்றதால் ஆட்டம் செல்லாது, புதிதாக ஆட வேண்டும் என்றார். உடனே உங்கள் பக்கத்து விடுதி வார்டன் எழுந்து, "ஐயா சாமி, இவங்க ரெண்டு பேரையும் மறுபடி ஆட விடாதீங்க, வயிறு தாங்காது" என்றார். எங்கள் தையல்காரர் அதற்குக் கைகொடுத்தார். வார்டனும் தையல்காரரும் கைகுலுக்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம் டீ வந்தது. யார் எந்தக் கரை என்று பார்க்காமல் அவரவர் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து என் தலையையும் உன் தலையையும் நன்றாக உருட்டினார்கள். நம் இருவரையும் திட்டுவதில் அவர்களுக்கு அவ்வளவு ஒற்றுமை.

அந்தச் சூட்டோடு இணைப்புத் தீர்மானமும் நிறைவேறிவிட்டது. இனி 'இருகரைச் சதுரங்கக் கழகம்' என்று ஒன்றுதான். தலைவர் யார் என்ற பேச்சு வந்தது. யாரோ உன் பெயரைச் சொன்னார்கள். மறுப்பு ஒன்றும் இல்லை. நீதான் தலைவர். பார்வையாளர் அங்கேயே குறித்துக்கொண்டார். பேக்கரிக்காரர் மகளின் பெயரும் அன்றைக்கே சம்மேளனத்துக்குப் போய்விட்டது. அவள் அப்பா எல்லோருக்கும் பன் கொடுத்தார்.

எனக்கு ஒரு பதவியும் இல்லை. அடடா, என்ன நிம்மதி. நேற்றுக் கடையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடிகளை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் என்னை எதிர்த்து எதையும் ஆட்சேபிக்கவில்லை.

பலகையைத் தப்பாகத் திருப்பி வைத்தது நான்தான். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

கண்ணாடிக் கடைக்காரன்

பி.கு.: வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்கலாமா என்று தெரியவில்லை. ஆகவே கேட்கவில்லை.


ஜூன் 26

என்னங்க,

நேற்று மாலை வார்டன் இங்கே வந்திருந்தார். அக்கா கொடுத்த டீயைக் குடித்தபடி நடந்ததையெல்லாம் சொன்னார். அவர் சொன்னதும் நீங்கள் எழுதியதும் எல்லாம் ஒத்துப்போகின்றன, ஓர் இடத்தைத் தவிர.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மேடம், தையல்காரரு முதல்ல உங்க வீட்டுக்காரர் பேரத்தான் சொன்னாரு. எப்படியோ விட்டுது சனியன்னு நம்ம ஆளுங்களே கைதட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நானும் தட்டினேன், மன்னிச்சுக்குங்க. அவரு எழுந்து, கைய இறக்குங்கன்னு சொன்னாரு. போன வருஷமும் இப்படித்தான் தட்டுனீங்க, நானும் பல்ல இளிச்சுக்கிட்டு வாங்கிக்கிட்டேன், வேலை பூரா அவ செஞ்சா, பேரு மட்டும் எனக்கு வந்துச்சு, அவ பேரை எழுதுங்க, எழுதுற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்னாரு. அவரு ஆளுங்களே எகிறுனாங்க. உட்காருய்யான்னு சட்டைய பிடிச்சு இழுத்தாங்க. மனுஷன் நின்னுக்கிட்டே இருந்தாரு. அதையே திரும்பத் திரும்பக் கத்துனாரு. கடைசியில தையல்காரரே, சரிப்பா, அந்தம்மா பேரையே எழுதுங்கன்னாரு."

நீங்கள் 'யாரோ' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த யாரோவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. அவ்வளவு நேரம் நின்று கத்தக் கூடாது.

ஏன் மறைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். புருஷன் சொல்லிக் கிடைத்த பதவி என்று நான் மூஞ்சியில் விட்டெறிந்துவிடுவேன் என்று பயந்திருப்பீர்கள். போன மாதமாக இருந்தால் எறிந்திருப்பேன். வார்டன் போன பிறகு ரொம்ப நேரம் உட்கார்ந்து யோசித்தேன். நீங்கள் எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நான் செய்ததை நாலு பேர் முன்னால் சொன்னீர்கள். ஒரு வருஷமாக நான் எதிர்பார்த்தது அதைத்தான். நாற்காலிக்காகத்தான் சண்டை போடுகிறேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் நாற்காலி வேண்டாமா என்று கேட்காதீர்கள். வேண்டும், நன்றாக உட்காரப் போகிறேன். பார்வையாளருக்குச் சம்மதக் கடிதமும் போட்டாயிற்று.

நேற்றிரவு டிவி அலறலிலும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். காலையில் அக்காவே வந்து எழுப்ப வேண்டியிருந்தது. "என்னடி, மூஞ்சியே தெளிஞ்சிருக்கு" என்றாள். வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அத்தானுக்குத்தான் தாங்க முடியாத வருத்தம் என்று அக்கா சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அலுவலகம் முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். இனி அங்கிருந்தே தினமும் வேலைக்குப் போய்வருவேன். இந்தக் கடிதம் அதற்குள் உங்கள் கைக்கு வந்துவிடும், அதற்காகத்தான் முன்னாலேயே போடுகிறேன். நான் வந்ததும் அந்தக் கூட்டத்தைப் பற்றியோ வார்டன் சொன்னதைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் நான் அழுதுவிடுவேன், கடையில் தூசி என்ற கதையை நீங்கள் வீட்டிலும் சொல்வீர்கள். கதவைத் திறந்து பையை வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும்.

உங்கள் வீட்டுக்காரி