கலியா டாக்டரின் இரண்டு பல்

பிஷ்கெக், புதன்கிழமை

அன்புள்ள எசென்குல் அண்ணனுக்கு,

தங்கை பக்டிகுல் எழுதுவது. தம்பி உயிரோடு இருக்கிறான். இதைப் படித்து மூச்சு விடு. மிச்சத்தைப் படிக்கத் தெம்பு வேண்டும்.

ஆட்டுச் சடலத்துக்கு அடித்துக்கொள்ளும் அந்தப் பாழாய்ப்போன குதிரை ஆட்டத்தில், எதிராளியின் குதிரை தம்பி துர்துபெக்கின் நெஞ்சில் மோதியதை நீயும்தான் பார்த்தாய். விழுந்து எழுந்தவனை, "ஏறுடா, பொம்பளையா நீ?" என்று திரும்ப ஏற்றிவிட்டாய். கொஞ்ச நேரத்தில் முதுகைக் கிழிக்கிறது என்று கத்திக்கொண்டு சாய்ந்தான். விலா எலும்புதான், புதிதாக உரித்த ஆட்டுத்தோலைச் சுற்றினால் போதும் என்றார் சித்தப்பா. நான் சண்டை போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

கலியா டாக்டர் இரண்டு கையிலும் நாடி பார்த்தாள். வலதில் துள்ளியது, இடதில் நூலாக ஓடியது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவே நிழல் அகன்றிருந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருக்கிறது, மெல்லிய வெளித்தோல் ஒன்றுதான் தாங்குகிறது, அழுத்தத்தை இறக்காவிட்டால் வெடித்துவிடும் என்று உன்னிடமும் சொன்னாள். நீ எங்கே கேட்டாய்? மருந்து ஏற ஏறத் திரையில் ரத்த அழுத்த எண் இறங்கியதைப் பார்த்து, "என் தம்பியக் கொல்றாடா இவ!" என்று அவள் வாயில் குத்தினாய். இரண்டு பல் தரையில் விழுந்தது. மருந்துக் குழாயையும் பிடுங்கி எறிந்தாய். தம்பி அலறினான், எண் ஏறியது. கொல்லப் பார்த்தது யார் அண்ணா?

நீ ஓடிவிட்டாய். அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டுக் குழாயைத் திரும்ப மாட்டினாள். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மலைக்கணவாய் தாண்டி இங்கே வரை ஆம்புலன்சில் கூடவே வந்தாள். நான் வாய்விட்டு அழுதபோது என்னைப் பளாரென்று அறைந்தாள். அவன் பதறக்கூடாதாம். இங்கே தொடை வழியாக வலைக்குழாயை விட்டுக் கிழிசலை உள்ளிருந்து அடைத்தார்கள்.

வலியிலும் மயக்கத்திலும் அவனுக்கு எதுவும் நினைவில்லை. இன்னும் கோபமோ அதிர்ச்சியோ ஆகாது என்கிறார்கள். "அண்ணன் ஏன் வரல? பாதியில விழுந்துட்டேன்னு கோவமா?" என்று தினமும் கேட்கிறான். குதிரை விற்கப் போயிருக்கிறாய் என்று புளுகுகிறேன். எனக்குப் புளுக வராது, உனக்கே தெரியும்.

டாக்டர் புகார் கொடுத்துவிட்டாள். நஷ்டஈடாக ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு சமாதானம் பேசப் போன சித்தப்பாவை வாசலோடு திருப்பிவிட்டாள். சாட்சி நான்தான். கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்வேன். நீ என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி.

கசாக் எல்லையைத் தாண்டியதால் தப்பித்தோம் என்று இருக்காதே. உன்னை விலங்கு மாட்டி இழுத்துவந்தார்கள் என்று ஊரார் வாயால் கேட்டால் அவன் நெஞ்சு தாங்காது. நீயே வா. கட்டிலருகே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், செய்ததை நீயே சொல். பிறகு போலீசுக்கு நானும் கூட வருகிறேன். எத்தனை நாள் உள்ளே வைத்தாலும் உனக்குச் சோறு நான் கொண்டுவருவேன்.

உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும் அண்ணா. அது இந்தப் பக்கம் வருகிற வழியாக இருக்கட்டும்.

உன் தங்கை,
பக்டிகுல்