பேனா அவர் கையில்

அத்லிஸ்கோ,
அக்டோபர் கடைசி வாரம்

பாசத்துக்குரிய நூபியா அக்காவுக்கு,

தங்கை மார்லெனி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் சுகம். அங்கே நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க லாஹாஸ் மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

என் கைபேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து கெட்டுப்போய்விட்டது. கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை என்று வருத்தப்பட்டீர்களாம், அவர் சொன்னார். புதிது வாங்கும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே உங்கள் ஊர்க் கடைக்காரரின் எண்ணுக்குக் கூப்பிடுவதாகச் சொல்கிறார். நான் கைவேலையாக இல்லாவிட்டால் என்னிடமும் கொடுப்பார்.

நாற்றுப்பண்ணையில் மூச்சுவிட நேரமில்லை. கல்லறைத் திருநாளுக்கான சாமந்தி வண்டி வண்டியாகப் போகிறது. அது முடிந்ததும் கிறிஸ்துமஸுக்கான சிவப்பிலைச் செடிகள். எரிமலை போன வாரம் முழுக்கப் புகைந்தது. காலையில் பார்த்தால் இலையெல்லாம் சாம்பல். தொட்டி தொட்டியாகக் கழுவ வேண்டும், விட்டால் சிவப்பு வெளுத்துப்போகும். கலேராஸ் எரிமலைக்குக் கீழே பிறந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று அவர் கேலி செய்கிறார்.

குடியிருப்பு அட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிசம்பர் தொடக்கத்தோடு கெடு முடிகிறது. அதற்கு முந்தைய மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மெக்சிகோக்காரரின் மனைவி என்ற முறையில் கிடைத்த அட்டை என்பதால் அவரும் பூப்லா நகரக் குடிவரவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். சாமந்தி வேலை ஓயட்டும், கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். பாஸ்போர்ட்டும் நம் கொலம்பிய அடையாள அட்டையும் அவருடைய இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. பண்ணை வீட்டில் ஈரம் அதிகம், என்னிடம் இருந்தால் பூசணம் பிடித்துவிடும் என்று அவர்தான் வாங்கி வைத்தார்.

உங்கள் மகள் கல்யாணத்துக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. அட்டை கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவதில் சிக்கலாம். நீங்கள் இங்கே வருவதாக எழுதியதற்கு, இப்போது வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். மதில் சுவரை உயர்த்திக் கட்டிக்கொண்டிருக்கிறோம், வீடு முழுக்கத் தூசி.

வாடிக்கையாளர்கள் வந்தால் என்னைக் காட்டி, “இது இறக்குமதி ரோஜா. கேரண்டி முடிஞ்சா திருப்பி அனுப்பிடலாம்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவருடைய தமாஷ் உங்களுக்குத் தெரியும்தானே.

இதை எழுதும்போது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உங்களை விசாரித்ததாக எழுதச் சொல்கிறார். தபாலிலும் அவரே சேர்த்துவிடுவார். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
மார்லெனி


டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முன்

என் நூபியா அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவர் சகோதரி எமில்சே. பூப்லாவில் உள்ள கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர், நம் பாஸ்தோ பக்கத்துப் பெண். விடுமுறைக்கு ஊர் வருகிறார். உங்கள் மலையில் சிக்னல் கிடையாது. கடைக்குப் போன் செய்தால், “உங்க வீட்டம்மா பேசினாங்களே” என்று கடைக்காரர் அவரிடமே சொல்லிவிடுவார். அதனால்தான் கடிதம். நான் தங்கியிருக்கும் இடத்தின் பெயரை எழுதவில்லை. தெரியாவிட்டால் வாய் தவறாது.

போன கடிதத்தில் எழுதியதில் பாதி அவர் சொல்லச் சொல்ல எழுதியது. கைபேசி தொட்டியில் விழவில்லை, அவர்தான் போட்டார்.

நவம்பரில் ஒருநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, “வா ராணி, உன் அட்டை வேலையைப் பாப்போம்” என்று கிளம்பினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதி வழியில் ரொட்டிக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். தன்னுடைய அடையாளச் சீட்டை மறந்துவிட்டாராம். ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். அது சட்டைப் பையிலேயே இருந்ததை வீட்டில் சட்டையைத் துவைக்கும்போது பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த முறை அலுவலகம் வரைக்கும் போனோம். அட்டையைப் புதுப்பிக்க எல்லா நாட்டுக்காரர்களும் வரிசையில் நின்றிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. கண்ணாடி போட்ட ஒரு அலுவலரம்மா என் படம், கட்டணச் சீட்டு எல்லாம் சரியாக இருக்கிறதென்று பார்த்துவிட்டு, ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். “நீங்க ரெண்டு பேரும் இன்னும் சேர்ந்துதான் வாழறீங்கன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார்.”

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தாளின் மேல் முனையை வைத்தார். ஆனால் தாளைப் பார்க்கவில்லை அக்கா, என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தாரோ தெரியாது. பிறகு மூடியைப் போட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னைக்கு வேண்டாம்மா. பொண்டாட்டி விஷயத்துல யோசிக்காம எழுதிக் குடுத்துடக் கூடாது பாருங்க” என்றார்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் எனக்குத் தேங்காய் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: “பாத்தியா ராணி? பேனா என் கையில இருக்கு. உன் அக்கா கிட்ட, நாத்துக்காரிங்க கிட்ட எல்லாம் என்னைப் பத்தி என்ன பேசறோம்னு இனிமே யோசிச்சுப் பேசு.” அவர் கையைப் பிடித்து முறுக்கியதால் வந்த என் முழங்கை வீக்கத்தைப் பார்த்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பெண் ஒருத்தி என்னவென்று கேட்டிருந்தாள். நான் அவளிடம் வாயைத் திறக்கக்கூட இல்லை. கேட்டதே குற்றமாகிவிட்டது.

அதன் பிறகு பூப்லா பேச்சே எடுக்கவில்லை. கெடு முடிந்த அன்று காலைச் சாப்பாட்டின்போது என் அட்டையைக் கேட்டு வாங்கித் தேதியைப் பார்த்தார். “இனிமே நீ இந்த நாட்டுலயே இல்ல. கேட்டுக்கு அந்தப் பக்கம் கால் வெச்சா பிடிச்சுட்டுப் போயிடுவாங்க” என்றார். சொல்லிவிட்டு அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் காப்பி கேட்டார். அந்த வாரமே வேலைக்காரப் பெண்களை நிறுத்திவிட்டார். சிவப்பிலைச் செடி விற்பனை உச்சத்தில் இருக்கும்போது யாராவது ஆட்களை நிறுத்துவார்களா? நானும் அவரும்தான் மிச்சம். மதிலும் கட்டி முடிந்துவிட்டது.

செலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வாசலுக்கு எதிரே சோள அடை சுட்டு விற்பவள். வாய் கொஞ்சம் நீளம். “கொலம்பியாக்காரி, உங்க ஊர்ல உப்பே கிடையாதா, இவ்வளவு கேக்கற?” என்று வம்பிழுப்பாள். நான் அடை வாங்கப் போன நாட்களில் ஒருமுறை அவள்தான் ஒவிடியாவைப் பற்றிச் சொன்னாள்.

அவருக்கு முன்பு ஒருத்தி இருந்தாள், ஓடிப்போய்விட்டாள் என்று கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அவள் குவாதமாலாக்காரி என்று சொல்லவில்லை. அவளுக்கும் அட்டை புதுப்பிக்கப்படாமலே போனது என்றும் சொல்லவில்லை. “தினம் வந்து அடை வாங்குவா. அப்புறம் அட்டை இல்ல, வெளிய வர மாட்டேன்னா. அப்புறம் ஆளையே காணோம். அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னு உன் புருஷன் சொன்னான். நாங்களும் நம்பிட்டோம்” என்றாள் செலா. “ஆனா கொஞ்ச நாள் கழிச்சு அவ அண்ணன்காரன் போட்டோவைத் தூக்கிட்டு அவளைத் தேடிக்கிட்டு இங்க வந்து நின்னான், பொண்ணே. உன் புருஷன் அவனுக்குக் காப்பி குடுத்து, ஒரு பூந்தொட்டியும் குடுத்து அனுப்பி வெச்சான். மடியில தொட்டியை வெச்சுக்கிட்டு பஸ்ல உக்காந்து போனான் பாவம்.”

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, ஒவிடியா எங்கே போனாள் என்று அவரிடம் கேட்டேன். அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவே இல்லை. “அட்டை இல்லாதவங்க எங்க போனாங்கன்னு யாரு தேடப் போறாங்க, ராணி?” என்றார்.

போன வாரம் அவர் தலைநகரச் சந்தைக்குச் செடி ஏற்றிக்கொண்டு போனார். கேட்டை வெளியே பூட்டியிருந்தார். நான் பின்பக்கம் வாய்க்காலோரம் சாம்பல் படிந்த இலைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அடியில் வாய்க்கால் நுழையும் இடத்தில் ஒரு கம்பி வலை உண்டு. அதற்கு அந்தப் பக்கம் செலா கீரை பறிக்கக் குனிந்தவள், என்னைப் பார்த்ததும் பேயைக் கண்டவள் போல அலறினாள்.

“ஏய்! நீ இங்கதான் இருக்கியா? நீ ஊருக்குப் போயிட்டேன்னுல்ல உன் புருஷன் சொல்லிக்கிட்டுத் திரியறான்! அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டா, இனிமே வர மாட்டான்னு கோயில்ல, சந்தையில, பாதிரியார் கிட்டக்கூட சொல்லிட்டானே!”

அக்கா, நான் அங்கே இலை கழுவிக்கொண்டிருந்தேன். நான் போய்விட்டதாக ஊர் முழுக்க அவர் சொல்லி முடித்திருந்தார்.

செலாதான் முதலில் சுதாரித்தாள். அவளுடைய கீரைக் கத்தியால் வலையின் கட்டுக் கம்பிகளை நெம்பினாள். நான் உள்ளிருந்து உதைத்தேன். தண்ணீர் குறைவாக ஓடும் காலம் என்பதால் ஊர்ந்து வெளியே வர முடிந்தது. இரும்பு அலமாரியின் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. உடுத்திய துணியோடு வந்தேன். செலா தன் சால்வையால் என் தலையை மூடி, உறவுக்காரி ஒருத்தி வீட்டில் கொண்டுவந்து விட்டாள்.

மறுநாள் காலை இருவரும் பூப்லா அலுவலகத்துக்குப் போனோம். வழியில் போலீஸ்காரர் யாரைப் பார்த்தாலும் செலாவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அதே அம்மா இருந்தார். நான் பெயரைச் சொல்வதற்குள், “பேனாவைக் கீழ வெச்சாரே, அவரோட வீட்டம்மாதானே?” என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். கெடு முடிந்ததும் யாரும் உடனே தூக்கிக்கொண்டு போவதில்லை, தாமதமாக விண்ணப்பிக்க இன்னும் அவகாசம் இருக்கிறது என்றார். கணவர் இல்லாமல், நடந்ததைச் சொல்லித் தனியாகக் கேட்கவும் வழி உண்டாம். “அவர் கையெழுத்து இல்லாமலும் நீங்க இந்த நாட்டுல இருக்கலாம்மா. அதை உங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்றார். ஆனால் பாஸ்போர்ட் வேண்டும். தலைநகரில் நம் தூதரகத்துக்குப் போய்ப் புதிது வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்.

ஒவிடியாவைப் பற்றியும் சொன்னேன். அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். இருக்கையை விட்டு எழுந்து, எங்களோடு தெரு வரைக்கும் வந்து, புகார் எழுதும் அலுவலகத்துக்கு வழி காட்டினார். “அங்க உங்க பேரை மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க. அந்தப் பொண்ணு பேரையும் சொல்லுங்க” என்றார். சொன்னோம். எழுதிக்கொண்டார்கள். வந்து விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் யாரும் வரவில்லை.

அவர் சந்தையிலிருந்து திரும்பிவிட்டார். செலா பயந்துகொண்டே கடை போட்டாளாம். அவர் வந்து நின்றுகொண்டே அடை சாப்பிட்டாராம், எப்போதும் போல இரண்டாவதும் கேட்டு வாங்கினாராம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாய்க்கால் வலை பிய்ந்திருப்பதைப் பார்க்காமலா இருப்பார்? போகும்போது மட்டும், “இன்னைக்கு மாவு நிறைய பிசைஞ்சிருக்கியே செலா, வீட்டுல விருந்தாளியா?” என்று சிரித்தாராம். கூச்சல் போட்டுத் தெருத்தெருவாகத் தேடியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருக்காது. நாளை இந்த வீட்டிலிருந்தும் கிளம்பித் தலைநகருக்குப் போகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. நம் ஊர் சாந்தோனாவின் பதிவாளரிடம் என் பிறப்புப் பதிவின் நகலை வாங்கிச் சகோதரி எமில்சேயிடம் கொடுத்தனுப்புங்கள். தூதரகத்தில் கேட்பார்களாம். புறப்பட்டு மட்டும் வந்துவிடாதீர்கள், அத்தானையும் அனுப்பாதீர்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். மணப்பெண்ணிடம் சித்திக்கு வேலை அதிகம் என்று சொல்லுங்கள்.

பூசையில் எனக்காக மெழுகுவத்தி ஏற்றும்போது இன்னொன்றும் ஏற்றுங்கள், குவாதமாலாவில் ஒவிடியாவின் அம்மா என்று ஒருத்தி இருப்பாள். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இன்னும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குக் கூப்பிடுவார். பயந்துபோய் வராமல் இருந்துவிடாதீர்கள். வந்து பேசுங்கள். கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். எப்போதும் போல, மார்லெனியிடம் கொடுங்கள், ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேளுங்கள். இந்த ஊரில் எல்லோரிடமும் நான் உங்களிடம் வந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். உங்களிடம் நான் எங்கே இருப்பதாகச் சொல்கிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே பேசாதீர்கள், அழாதீர்கள். ஒரு வார்த்தை விடாமல் கேளுங்கள், அக்கா.

உங்கள்
மார்லெனி